வண்டி கிளம்புவதற்கு முன்: குழந்தைகள் தீவிர சிகிச்சையில் டாக்டர்கள் எதைப் பழக வேண்டும்?

“ஆம்புலன்ஸ் எப்போது வரும்?” நிலைமை மோசமான ஒரு குழந்தை, ஐ.சி.யூ. வசதி இல்லாத மருத்துவமனையில் கிடக்கும்போது எல்லோர் வாயிலும் வருகிற கேள்வி இது. பெற்றோர் கேட்பது நியாயம். டியூட்டி டாக்டரும் அதையே கேட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றால்தான் வம்பு. ஏனென்றால் அந்தக் குழந்தை பிழைக்குமா என்பது வண்டியின் வேகத்தைவிட வேறு இரண்டைப் பொறுத்தது: ஏற்றுவதற்கு முன் அந்த அறையில் என்னென்ன செய்தார்கள், வண்டிக்குள் கூடப் போகிறவர் யார். குழந்தைகள் தீவிர சிகிச்சைத் துறை இதைக் கண்டுகொள்ளவே பல பத்தாண்டுகள் ஆயின. அதைப் பயிற்சியாக மாற்றும் வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

நான்கு மில்லிமீட்டர் கணக்கு

பெரியவர்களுக்கான ஐ.சி.யூ.வில் நன்கு தேறிய டாக்டர்கூட ஒரு கைக்குழந்தையின் முன்னால் தடுமாறுவதுண்டு. ‘குழந்தையைச் சின்ன அளவுப் பெரியவராக நினைக்காதே’ என்பது மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாசகம். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்த்தால்தான் உறைக்கும்.

கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் சுமார் 4 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். வீக்கத்தால் சுற்றிலும் 1 மி.மீ. தடித்துவிட்டால் மிஞ்சுவது 2 மி.மீ. காற்று போகும் பரப்பு கால் பங்காகச் சுருங்கிவிடும். காற்றோட்டத்துக்கான தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், 16 மடங்காக ஏறிவிடும். அதே 1 மி.மீ. வீக்கம் 8 மி.மீ. குழாயில் வந்தால் தடை மூன்று மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்போடு போவது குழந்தைக்கு உயிர்ப் போராட்டமாகிறது.

அதோடு, எடைக்கு எடை ஒப்பிட்டால், கைக்குழந்தை பெரியவரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. நுரையீரலில் கையிருப்பாக நிற்கும் காற்றோ குறைவு. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதற்காக மயக்க மருந்து கொடுத்த சற்று நேரத்திலேயே சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜனின் அளவு) சரியத் தொடங்கிவிடும். பெரியவரிடம் கிடைக்கும் சில நிமிட அவகாசத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது.

இரத்த அழுத்தத்தின் ஏமாற்று வேலை இன்னும் மோசம். இரத்தமோ நீரோ உடலில் குறையும்போது குழந்தையின் இதயம் வேகமாக அடித்து, இரத்தக் குழாய்களை இறுக்கி, அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். 10 கிலோ குழந்தையின் மொத்த இரத்தமே சுமார் 800 மி.லி.தான். அதில் கால் பங்கு போன பிறகும் மானிட்டரில் பி.பி. சரியாக இருப்பதுபோலத் தெரியலாம். அது விழத் தொடங்கினால் பிறகு அவகாசம் இருக்காது.

ஆகவே குழந்தைகள் ஐ.சி.யூ.வுக்கு வரும் இளம் டாக்டருக்கு முதலில் பழக்குவது, மானிட்டரிலிருந்து கண்ணை எடுத்துக் குழந்தையைப் பார்ப்பதை. கைகால் சில்லிட்டிருக்கிறதா? நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்தால் தோலில் இரத்தம் திரும்ப எத்தனை விநாடி ஆகிறது? விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுக்கிறதா? அம்மாவை அடையாளம் தெரிகிறதா? இரவெல்லாம் மூச்சு வாங்கி முனகிக்கொண்டிருந்த குழந்தை விடியற்காலையில் அமைதியாகிவிட்டால், ‘அப்பாடா, தூங்கிவிட்டது’ என்று வார்டே நிம்மதியடையும். அனுபவப்பட்டவர் அப்போதுதான் எழுந்து ஓடுவார். மூச்சுவிடத் தெம்பில்லாமல் களைத்துப்போன குழந்தையும் அப்படித்தான் அமைதியாகும்.

இதில் ஆறுதலான சேதியும் ஒன்று உண்டு. பெரியவர்களின் இதயம் மின்துடிப்புக் கோளாறால் திடீரென்று நின்றுவிடுவதுண்டு. குழந்தைகளிடம் அது அபூர்வம். பெரும்பாலும் மூச்சு தோற்று, அல்லது இரத்த ஓட்டம் தோற்று, அதன் முடிவாகத்தான் இதயம் நிற்கிறது. அதற்கு முன் பெரும்பாலும் சில மணி நேரமாவது அடையாளங்கள் தெரிந்துகொண்டே இருக்கும். பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஒரு மில்லியில் இருக்கும் கண்ணி

மருந்து அளவு தனிப் பாடம். பெரியவர்களுக்கு ஓர் ஆம்பூல் என்றால் ஓர் ஆம்பூல். குழந்தைகளுக்கு எல்லாமே கிலோ கணக்கு. இதயம் நின்ற குழந்தைக்கு அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மி.கிராம். 10 கிலோ குழந்தைக்கு 0.1 மி.கிராம். கையில் இருக்கும் ஆம்பூலிலோ 1 மி.லி.யில் 1 மி.கிராம் மருந்து இருக்கிறது. அதை 10 மி.லி. ஆகும்படி உப்புநீரில் கலந்து, அதிலிருந்து 1 மி.லி. எடுத்துக் கொடுக்க வேண்டும். கலந்ததும் ஒரு மில்லி, கலக்காததும் ஒரு மில்லி. “ஒரு மில்லி அட்ரினலின்!” என்று பதற்றத்தில் யாரோ சொல்ல, கலக்காத ஆம்பூலை இன்னொருவர் ஏற்றிவிட்டால் குழந்தைக்குப் போவது பத்து மடங்கு. புள்ளி ஓர் இடம் தள்ளிப்போகும் இந்தப் பத்து மடங்குத் தவறு, குழந்தைகள் மருத்துவத்தில் பழைய எதிரி.

அதற்கு முன்னால் எடை தெரிய வேண்டுமே? வலிப்போடு தூக்கிக்கொண்டு ஓடிவரும் குழந்தையை யாரும் தராசில் நிறுத்துவதில்லை. 1980களில் ஜேம்ஸ் புரோஸ்லோ, ராபர்ட் லூட்டன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இதற்கு எளிய வழி கண்டார்கள். குழந்தையின் பக்கத்தில் ஒரு நாடாவை விரித்து நீளத்தை அளந்தால், நாடாவில் அந்த நீளத்துக்கு நேரான வண்ணக் கட்டத்திலேயே உத்தேச எடை, மருந்து அளவு, டியூப் அளவு எல்லாம் அச்சிட்டிருக்கும். நெருக்கடியில் மனக்கணக்கு போட வைக்காதே என்பதுதான் அதன் தத்துவம். நல்ல பயிற்சி என்றால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வது என்று நினைக்கிறவர்கள் இந்த நாடாவைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். எதை நினைவில் வைக்கக் கூடாது என்று கற்றுக்கொடுப்பதும் பயிற்சிதான்.

டியூப் அளவுக்கு வயதை நான்கால் வகுத்து 3.5 கூட்டும் சூத்திரம், குறைந்தபட்ச பி.பி.க்கு வயதை இரட்டித்து 70 கூட்டும் சூத்திரம் போன்றவை டாக்டர்கள் எல்லாரும் அறிந்தவை. அவற்றைச் சுவரில் ஒட்டி வைப்பதே மேல்.

கையால் அழுத்திய 1,500 மாணவர்கள்

தீவிர சிகிச்சை என்ற துறையே ஒரு பயிற்சி நெருக்கடியில்தான் பிறந்தது என்று சொல்லலாம். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களை அப்போதிருந்த கருவிகளால் காப்பாற்ற முடியவில்லை. முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். மயக்கவியல் டாக்டர் பியோர்ன் இப்சென், அறுவைக்கூடத்து முறையை வார்டுக்குக் கொண்டுவந்தார். தொண்டையில் துளையிட்டு டியூப் போட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றை உள்ளே செலுத்தினார். முதலில் பலன் கண்டது 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு. அதன் பிறகு சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் ஷிஃப்டு முறையில் உட்கார்ந்து வாரக்கணக்கில் பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. யந்திரம் வந்து செய்த சாதனை இல்லை இது. ஒரு வேலையைச் சரியாகச் செய்யப் பழக்கி, படுக்கையருகே ஆளை உட்கார வைத்ததன் பலன்.

1955-இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் யோரன் ஹாக்லண்ட் குழந்தைகளுக்கென்றே தனித் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1967-இல் ஜான் டவுன்ஸ் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் அமெரிக்காவின் முதல் பிரிவுகளில் ஒன்றை உருவாக்கினார். ஆனால் அமெரிக்காவில் இந்தத் துறைக்கென்று தனித் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது 1987-இல்தான். இன்று அங்கே மூன்றாண்டு குழந்தை மருத்துவம் முடித்து, மேலும் மூன்றாண்டு இந்தத் துறையில் பயில வேண்டும்.

ஆறு ஆண்டு போதுமா என்று கேட்டால், வேடிக்கையான சிக்கல் ஒன்று எதிரே வந்து நிற்கிறது. சிகிச்சை மேம்பட மேம்படப் பழகுவதற்கான வாய்ப்பு குறைகிறது. தடுப்பூசிகளால் சில கொடிய தொற்றுகள் அரிதாகிவிட்டன. முகக்கவசம், மூக்குக் குழாய் வழியாகவே அழுத்தக் காற்றுக் கொடுக்கும் முறைகள் வந்தபின் டியூப் போடும் தேவை குறைந்திருக்கிறது. பயிற்சி டாக்டர்களின் வேலை நேரத்துக்கும் பல நாடுகளில் வரம்பு விதித்துவிட்டார்கள். எல்லாமே நல்லதுதான். ஆனால் கைக்குழந்தைக்கு டியூப் போடும் கை, போட்டுப் போட்டுத்தான் வரும். பல மருத்துவமனைகளின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தால், பயிற்சி தொடங்கிய நிலையில் உள்ளவர்கள் முதல் முயற்சியிலேயே டியூப்பைச் சரியாகப் போடும் விகிதம், மூத்தவர்களுடையதைவிட வெகுவாகக் குறைவு. ஒவ்வொரு கூடுதல் முயற்சியிலும் குழந்தைக்கு ஆபத்து ஏறுகிறது. அதனால் கஷ்டமான கேஸ் மூத்தவர் கைக்குப் போகிறது, இளையவர் பழகுவது இன்னும் தள்ளிப்போகிறது.

பொம்மைகளை வைத்துப் பழக்கும் ஒத்திகைப் பயிற்சி இந்த இடத்தில்தான் வந்தது. மூச்சுவிடும், நீலம் பாரிக்கும், நாடி துடிக்கும் பொம்மைகள் இன்று உண்டு. விலை உயர்ந்த பொம்மை வாங்கிவிட்டால் பயிற்சி வந்துவிடும் என்று நம்பும் நிர்வாகங்களும் உண்டு! ஒத்திகையின் முக்கியப் பலன் விரல் வித்தையில் இல்லை, ஒரு குழு நெருக்கடியில் எப்படிப் பேசிக்கொள்கிறது என்பதில்தான். “யாராவது அட்ரினலின் எடுங்க” என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள், அல்லது இரண்டு பேர் எடுப்பார்கள். “சிஸ்டர், அட்ரினலின் கலந்தது, ஒரு மில்லி எடுங்க” என்று ஒருவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் “அட்ரினலின், கலந்தது, ஒரு மில்லி, எடுத்தாச்சு டாக்டர்” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். மேலே சொன்ன பத்து மடங்குக் கண்ணி அந்தத் திருப்பிச் சொல்லும் நொடியில்தான் பிடிபடும்.

குழந்தைகளுக்கான மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சி வகுப்பு 1988 முதல் நடந்துவருகிறது. இரண்டு நாள் வகுப்பு, தேர்வு, இரண்டாண்டுக்குச் செல்லும் அட்டை. ஆனால் வகுப்பு முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் கைத்திறன் தேய்ந்துவிடுகிறது என்பது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். நெஞ்சு அழுத்தும் ஆழமும் வேகமும் முதலில் போகும். அட்டையில் தேதி மட்டும் பாக்கியிருக்கும். அதனால் சில மருத்துவமனைகளில் பொம்மையை வார்டுக்கே தள்ளிக்கொண்டுபோய், ஷிஃப்டின் நடுவே ஐந்து பத்து நிமிடம் பழக வைக்கிறார்கள். கையில் திறமை நிற்பதற்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் என்பதைவிட, மாதத்துக்குப் பத்து நிமிடம் மேல். நிர்வாகங்களுக்கு இது பிடிப்பதில்லை. சான்றிதழாகக் காட்ட ஒன்றும் இருக்காதே!

வண்டிக்குள் ஓர் ஐ.சி.யூ.

குழந்தைகள் ஐ.சி.யூ.க்களை எல்லா ஊரிலும் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கேஸ் பார்க்கும் பிரிவில் யாருக்கும் கை தேறாது. 1997-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஒப்பீடு இதை உரக்கச் சொன்னது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நிலைமை மோசமான குழந்தைகள் ஏறத்தாழ அனைவரும் மெல்போர்னில் உள்ள ஒரே பெரிய பிரிவுக்குப் போனார்கள். இங்கிலாந்தின் டிரென்ட் பகுதியில் பல மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்தார்கள். நோயின் கடுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, டிரென்ட் குழந்தைகளுக்கு இறப்பின் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. அதன்பின் இங்கிலாந்து சிகிச்சையைச் சில பெரிய மையங்களில் குவித்தது.

குவித்தால் அடுத்த பிரச்சினை, அந்த மையத்துக்குக் குழந்தையைக் கொண்டுவருவது. இதற்கு இரண்டு வழி. சிறிய மருத்துவமனை தன் ஜூனியர் டாக்டர் ஒருவரை ஏற்றி அனுப்பலாம். அல்லது பெரிய மையத்திலிருந்து பழகிய குழுவே போய், அங்கேயே குழந்தையை நிலைப்படுத்தி, அழைத்து வரலாம். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வு 1,085 குழந்தைகளின் பயணங்களைப் பார்த்தது. சிறப்புக் குழு போன பயணங்களில் எதிர்பாராத விபரீதம் நேர்ந்தது 1.5 சதவீதம். சிறப்புக் குழு இல்லாதவற்றில் 61 சதவீதம். இறந்தவர்கள் 9 சதவீதமும் 23 சதவீதமும். சிறப்புக் குழு இல்லாமல் போனவர்கள் எண்ணிக்கையில் குறைவு, அதனால் இந்த எண்களைத் தராசுமுள்போல எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் திசை தெளிவு. இங்கிலாந்தின் தேசியத் தரவுகளும் பின்னர் அதே பக்கம்தான் சாய்ந்தன.

ஐ.சி.யூ.வில் கெட்டிக்காரராக இருப்பவர் வண்டிக்குள்ளும் கெட்டிக்காரராக இருப்பார் என்று சொல்ல முடியாது. ஐ.சி.யூ.வில் கூப்பிட்டால் இன்னொருவர் வருவார், சுவரில் ஆக்சிஜன் தீராது. வண்டிக்குள் எல்லாமே எண்ணி எடுத்துப் போனவை.

உதாரணத்துக்கு ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர், பயணம் இரண்டு மணி நேரம் என்றால் 1,200 லிட்டர். வழியில் வண்டி பழுதாகலாம், மரம் விழுந்திருக்கலாம். ஆகவே இரட்டித்து 2,400 லிட்டர் எடுக்க வேண்டும் என்பது விதி. கையில் தூக்கும் சிறு சிலிண்டரில் சில நூறு லிட்டர்தான் இருக்கும். ‘சிலிண்டர் வைத்திருக்கிறோம்’ என்ற பதில் பதிலே இல்லை. எத்தனை லிட்டர் என்று கேட்கப் பழக வேண்டும்.

டியூப் இன்னொன்று. பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் மொத்தமே நான்கைந்து சென்டிமீட்டர் நீளம். ஸ்டிரெச்சரிலிருந்து வண்டிக்கு மாற்றும்போது தலை முன்னால் குனிந்தால் டியூப் கீழே இறங்கி ஒரு நுரையீரலுக்குள் போய்விடும். தலை பின்னால் சாய்ந்தால் வெளியே வந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் நகர்வே போதும். வண்டி இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அலைவடிவமாகக் காட்டும் கருவிதான் அங்கே டாக்டரின் காது. அந்த அலை மறைந்தால் நிரூபணமாகும்வரை டியூப் வெளியே வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ‘கருவியில்தான் கோளாறு’ என்று நினைக்கத் தோன்றும். பயிற்சியில் அடித்து நொறுக்க வேண்டியது அந்த நினைப்பை.

சிரிஞ்சிலிருந்து மருந்தை மெதுவாகத் தள்ளும் கருவியான சிரிஞ்சு பம்பின் நுணுக்கம் பலருக்குத் தெரியாது. சின்னக் குழந்தைக்கு இரத்த அழுத்தம் விழாமல் தாங்கும் மருந்து மணிக்கு அரை மில்லி போன்ற நுண்ணிய வேகத்தில் ஓடும். ஏற்றும்போது பம்பைத் தூக்கிக் குழந்தையைவிட உயரத்தில் வைத்தால், குழாயில் இருப்பது கொஞ்சம் கூடுதலாக உள்ளே போய் பி.பி. எகிறும். கீழே இறக்கினால் சில நிமிடங்களுக்கு மருந்தே போகாது, பி.பி. விழும். காரணம் தெரியாதவர் மருந்தின் அளவைக் கூட்டுவார், குறைப்பார், குழப்பிக்கொள்வார். தெரிந்தவர் பம்பைக் குழந்தையின் மட்டத்திலேயே வைத்து நகர்த்துவார்.

விமானத்தில் போவதென்றால் இன்னொரு அடுக்கு சேரும். பயணிகள் அறையின் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இறங்கலாம். அப்போது அடைபட்ட வாயு சுமார் மூன்றில் ஒரு பங்கு விரியும். நெஞ்சுக்குள் நுரையீரலுக்கு வெளியே சிறிதளவு காற்று சேர்ந்திருந்தால், தரையில் பொறுத்துக்கொண்ட குழந்தை வானில் பொறுக்காது. ஏறுவதற்கு முன்பே அதை வெளியேற்ற வேண்டும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. அலறிக்கொண்டு பறக்கும் வண்டிக்குள் பெல்ட் போடாமல் நின்றபடி ஒரு டாக்டர் ஆம்பு பையை (கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் பை) அழுத்தினால், விபத்தில் முதலில் பறப்பவர் அவர்தான். நன்றாக நிலைப்படுத்திய குழந்தைக்கு அவ்வளவு அவசரம் தேவைப்படுவதும் அரிது. “நிறுத்துங்கள், ஓரம் கட்டிவிட்டுப் பார்க்கிறேன்” என்று டிரைவரிடம் சொல்லும் தைரியத்தையும் பயிற்சியில்தான் கொடுக்க வேண்டும்.

கூடப் போகிறவருக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணமே பழையதில்லை. புத்துயிர்ப்பு மருத்துவத்தின் முன்னோடியான பீட்டர் சஃபாரின் மகள் 1966-இல் ஆஸ்துமா முற்றி இறந்தாள். அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க்கில் உருவான ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவைக்காக, வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களுக்கு அவர் வகுத்த பயிற்சி, அந்நாளில் ஆம்புலன்ஸ் ஆட்களுக்கு யாரும் கொடுக்காத அளவு விரிவானது. அதுவரை பல ஊர்களில் ஆம்புலன்ஸ் என்பது படுக்க வைத்துக் கொண்டுபோகும் வண்டி, அவ்வளவே.

யாரும் பழக்காத டாக்டர்

இதுவரை சொன்னவை ஐ.சி.யூ. டாக்டருக்கும் வண்டியில் போகும் டாக்டருக்கும். பயிற்சிப் பணமும் கவனமும் இவர்களிடம்தான் சேர்கின்றன. என் பார்வையில், இந்தச் சங்கிலியில் அதிகம் பழக வேண்டியவர் இவர்கள் இருவருமல்லர். குழந்தை முதலில் வந்து சேரும் மருத்துவமனையில், ராத்திரி டியூட்டியில் இருக்கும் பொது டாக்டர்தான். சிறப்புக் குழு எவ்வளவு விரைந்தாலும் வந்து சேர ஒன்றிரண்டு மணி நேரமாவது ஆகும். அந்த நேரம் முழுக்கக் குழந்தை அவர் கையில். சிறப்புக் குழுக்கள் நன்கு அமைந்த நாடுகளிலேயே, அப்படி அழைத்துவரப்படும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு டியூப் போட்டது முதல் மருத்துவமனைக்காரர்கள்தான்.

1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிய சிறு விமானம் நெப்ராஸ்காவில் வயல்வெளியில் விழுந்தது. மனைவி இறந்தார், பிள்ளைகளுக்குப் படுகாயம். அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் தரம் அவரை உலுக்கியது. அங்கிருந்தவர்களைத் திட்டித் தீர்ப்பதோடு நிற்காமல், அவர்களைப் போன்றவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று சக டாக்டர்களோடு உட்கார்ந்து யோசித்தார். 1978-இல் முதல் வகுப்பு நடந்தது. விபத்துக் காயத்துக்கு உலகமெங்கும் இன்று நடக்கும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சி அதுதான். பெரிய நகரத்து நிபுணர்களை மனதில் வைத்து உருவானதில்லை, கிராமப்புற டாக்டருக்காக உருவானது.

குழந்தைகளுக்கு இதே வேலையைச் செய்தது, உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஈடாட்’ பயிற்சி. மலாவியின் பிளாண்டயர் நகரத்து மருத்துவமனையில் எலிசபெத் மாலினூக்ஸும் சகாக்களும் வரிசையில் காத்திருந்த குழந்தைகளில் யாரை உடனே பார்க்க வேண்டும் என்று பிரிக்கக் கற்றுக்கொடுத்து, அவசரப் பிரிவை மாற்றி அமைத்தார்கள். வார்டில் குழந்தைகள் இறக்கும் விகிதம் 10 முதல் 18 சதவீதமாக இருந்தது, 6 முதல் 8 சதவீதமாக இறங்கியது. புதிய யந்திரம் எதுவும் காரணமில்லை. டாக்டரைத் தேடி ஓடிவரும் முதல் ஆள் நர்ஸாகவும் எழுத்தராகவும் காவலாளியாகவும் இருக்கலாம் என்பதால் ஆபத்து அடையாளங்களை அவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது இந்தப் பயிற்சியின் அழகு.

சிறிய மருத்துவமனைக்குப் பயிற்சி கொடுக்கும்போது பெரிய மருத்துவமனையின் பாடத்தை அப்படியே இறக்கிவிடக் கூடாது. இதற்கு இரண்டு கசப்பான சாட்சிகள் உண்டு.

ஒன்று, நீர் ஏற்றுவது. கிருமித் தொற்று முற்றி இரத்த ஓட்டம் குன்றிய குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாக நீர் ஏற்ற வேண்டும் என்பது பாடநூல் வாக்கு. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், வேகமாக நீர் ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தோர் சுமார் 10.5 சதவீதம். ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். துறையே அதிர்ந்தது. 2020-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இதை உள்வாங்கிக்கொண்டது: ஐ.சி.யூ. வசதி இருக்கும் இடத்தில் கிலோவுக்கு 10–20 மி.லி. வீதம் பார்த்துப் பார்த்து ஏற்றலாம், அந்த வசதி இல்லாத இடத்தில் பி.பி. விழாத குழந்தைக்கு அப்படி ஏற்ற வேண்டாம். கட்டிடத்தைப் பொறுத்து சிகிச்சை மாறுகிறது என்பதைப் பயிற்சியில் சொல்லித்தர எத்தனை பேர் தயார்?

இரண்டாவது, ‘பபிள் சிபேப்’. குழந்தை வெளிவிடும் மூச்சு போகும் ரப்பர்க் குழாயின் மறுமுனையைத் தண்ணீரில் அமிழ்த்தி, அந்த ஆழத்தின் அழுத்தத்தால் நுரையீரல் சுருங்காமல் விரித்து வைக்கும் மலிவான முறை. டாக்காவில் நிமோனியாக் குழந்தைகளிடம் இதைப் பயன்படுத்தியபோது, சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 15 சதவீதம் இறக்க, இதைப் பெற்றவர்களில் 4 சதவீதமே இறந்தார்கள் என்று 2015-இல் வெளியானது. பலரும் உடனே பாட்டிலும் குழாயுமாகக் கிளம்பினார்கள். மலாவியின் ஒரு மாவட்ட மருத்துவமனையில், தினமும் டாக்டர் மேற்பார்வை இல்லாத நிலையில் செய்து பார்த்தபோது முடிவு தலைகீழ். இதைப் பெற்றவர்களில் 17 சதவீதம், சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 சதவீதம் இறந்தார்கள். மலாவிக் குழந்தைகள் கூடுதல் நலிவுற்றவர்கள் என்பதும் உண்மை. ஆனாலும் டாக்காவில் பாட்டிலுக்குப் பக்கத்தில் யார் நின்றிருந்தார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

அப்படியென்றால் முதல் மருத்துவமனை டாக்டருக்கு எதைத்தான் பழக்குவது? பட்டியல் நீளமில்லை. ஆம்பு பையால் முகக்கவசம் வைத்து ஒழுங்காகக் காற்றுக் கொடுப்பது (டியூப் போடத் தெரியாவிட்டாலும் இது தெரிந்தால் குழந்தை பிழைக்கும்). நரம்பு கிடைக்காதபோது முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி செலுத்துவது. சர்க்கரை அளவு பார்ப்பது. வலிப்பை நிறுத்துவது. கழுத்து நரம்பில் லைன் போடக் காத்திராமல், கை நரம்பு வழியாகவே அட்ரினலின் சொட்டைத் தொடங்குவது. பயணம் தொடங்கும் முன் டியூப்பை ஒட்டி, எக்ஸ்ரே பார்த்து, இரண்டாவது நரம்புவழியையும் தயார் செய்துவைப்பது. இவற்றோடு, போனை எடுப்பது. கடைசியாகச் சொன்னது இருப்பதிலேயே கடினம். பெரிய மருத்துவமனையைக் கூப்பிட்டு “எனக்குத் தெரியவில்லை” என்று சொல்ல, எதிர்முனையில் ஏளனம் இருக்காது என்ற உறுதி வேண்டும். ஆகவே போன் எடுக்கும் நிபுணருக்கும் பயிற்சி வேண்டும். “ஏன் இதைச் செய்யவில்லை?” என்று தொடங்காமல், “இப்போது சாச்சுரேஷன் எவ்வளவு? அடுத்து என்ன செய்யலாம், சேர்ந்து பார்ப்போம்” என்று தொடங்கும் பயிற்சி.

கைமாறும் நிமிடம்

ஆபத்து நிறைந்த இன்னொரு கட்டம், ஒரு குழு இன்னொரு குழுவிடம் குழந்தையை ஒப்படைக்கும் சில நிமிடங்கள். குழாய்களை மாற்றிக்கொண்டே, கருவிகளைப் பொருத்திக்கொண்டே, நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதய அறுவைக்குப் பின் குழந்தையை ஐ.சி.யூ.வுக்கு மாற்றும்போது இதே குழப்பம். களைத்து உட்கார்ந்திருந்த இரண்டு டாக்டர்கள் டி.வி.யில் ஃபார்முலா ஒன் பந்தயம் பார்த்தபோது, சில விநாடிகளில் டயர் மாற்றி வண்டியை அனுப்பும் குழுவின் மௌனமும் ஒழுங்கும் கண்ணில் பட்டது. ஃபெராரி குழுவிடமே போய்க் கேட்டார்கள். யார் தலைமை, யாருக்கு எந்த வேலை, எப்போது பேச வேண்டும் என்று வகுத்துக்கொண்டார்கள். முதலில் கருவிகள், பிறகு தகவல், ஒருவர் பேச மற்றவர் கேட்பது. 2007-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தொழில்நுட்பத் தவறுகள் ஒரு கைமாற்றத்துக்குச் சராசரி 5.4-லிருந்து 3.2-ஆகவும், விடுபட்ட தகவல்கள் ஏறக்குறைய பாதியாகவும் குறைந்தன.

பெற்றோர் இந்தக் கைமாற்றத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள். முன்பு அவர்களை வண்டியில் ஏற்ற மாட்டார்கள், பின்னால் தனியாக வரச் சொல்வார்கள். இப்போது பல குழுக்கள் ஒருவரையாவது கூட ஏற்றிக்கொள்கின்றன. டாக்டருக்கு இடைஞ்சலாக இருக்குமே என்ற பயம் பெரும்பாலும் பழக்கமின்மையால் வருவது.

ஒப்படைத்த பிறகு ஒரு வேலை பாக்கி. அனுப்பிய டாக்டருக்கு அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று பெரும்பாலும் தெரியவே தெரியாது. தான் செய்தது சரியா, கொடுத்த அளவு சரியா, இன்னும் முன்பே போன் செய்திருக்க வேண்டுமா என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த குழந்தை வரும்போது அதே இடத்திலிருந்துதான் தொடங்குவார். சில சிறப்புக் குழுக்கள் பயணம் முடிந்தபின் அனுப்பிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதுகின்றன. வருடத்துக்கொருமுறை நேரில் போய், பதிவு செய்த தொலைபேசி உரையாடல்களைச் சேர்ந்து கேட்டு, எங்கே நேரம் போயிற்று என்று அலசுகின்றன. இதற்குப் பொம்மை வேண்டாம், அட்டை வேண்டாம். சேர்த்துக்கொண்ட ஐ.சி.யூ.விலிருந்து மறுநாள் ஒருவர் பத்து நிமிடம் போனில் பேசினால்கூட, அது அந்தக் குழந்தையைப் பார்த்த டாக்டருக்கு எந்த வகுப்பும் தராத பாடம். எந்தப் பயிற்சித் திட்டத்தின் பட்ஜெட்டிலும் இன்னும் இதற்கென்று ஒரு வரி ஒதுக்கி நான் பார்த்ததில்லை.